தங்கைக்குக் கொடுத்த நான்கு மீன்கள்

புது வீட்டுக்குப் பிறந்த வீட்டுச் சீராக என் மீன்கள்தான் வேண்டும் என்று என் தங்கை கேட்டபோது நான் அரிவாள்மணையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். விரலையும் சேர்த்து நறுக்காமல் இருந்தது கர்த்தரின் கிருபை.

"வெள்ளி வேணாம், பட்டு வேணாம்க்கா. உன் தொட்டியில கெடக்குல்லா, அந்த மீனுல நாலே நாலு குடு. புள்ள ஆசைப்படுதா" என்றாள்.

"மீனைச் சீருன்னு எவ குடுத்திருக்கா? ஊரு சிரிக்கும்டி."

"சிரிச்சா சிரிக்கட்டும். முத்தத்துல சிமெண்டுத் தொட்டியே கட்டியாச்சு. அவிய மில்லுல சொல்லி எடுத்தாவ."

உலகச் சண்டைக் காலம் அது. ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வாடகை வீட்டின் புழக்கடைச் சுவர் இடிந்து விழுந்து ஆறு மாதம் ஆகியும், ஒரு மூட்டை சிமெண்டுக்கு என் வீட்டுக்காரர் நாயாக அலைந்துகொண்டிருந்தார். கோர்ட்டில் நகல் எழுதுகிற குமாஸ்தாவுக்கு எவன் சிமெண்டு கொடுப்பான்? ராஜபாளையத்தில் என் தங்கை வீட்டுக்காரர் மில்லில் மேஸ்திரிகளுக்கெல்லாம் மேலே இருந்தவர். அவருக்கு வீடு கட்டவும் சிமெண்டு கிடைத்தது, மீன் நீந்தவும் கிடைத்தது. எனக்கு வயிறு எரிந்தது. இத்தனை வருஷம் கழித்து அதை மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது?

எங்களுக்கு அப்பா அம்மா இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். உடன்பிறந்த ஆணும் கிடையாது. கிறிஸ்தவ வேதத்துக்கு வந்து மூன்று தலைமுறை ஆகியும் சீர் செய்கிற வழக்கத்தை மட்டும் எங்கள் ஆட்கள் யாரும் விடவில்லை. பிறந்த வீடு என்று அவளுக்கு இருந்தது நான் ஒருத்திதான். அவள் வாய்விட்டுக் கேட்டதை நான் கொடுக்காவிட்டால், அவள் மாமியார் வீட்டு ஆட்கள் முன்னால் அவளுக்குத் தலைகுனிவு. அது அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்டாள்.

அவள் கேட்டதெல்லாம் அவளுக்குக் கிடைத்துவிடும். சிறுபிள்ளையிலிருந்தே அப்படித்தான். எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது கிறிஸ்துமஸுக்கு ஊதாவில் வெள்ளைப் பூப்போட்ட பாவாடைத் துணி எடுத்துவந்தார் அப்பா. எனக்கென்று எடுத்த முதல் புதுத்துணி. அவள் தரையில் புரண்டு அழுதாள். "அவ சின்னவதானட்டி, குடுத்துரு" என்றாள் அம்மா. கொடுத்தால் மட்டும் போதுமா? அவள் அளவுக்கு அதை வெட்டித் தைத்ததும் நான்தான். நான் தையல் டீச்சரானது அப்படித்தான் என்று சொன்னால் என் வீட்டுக்காரர் சிரிப்பார். நான் சிரிக்கச் சொல்லவில்லை.

அவளுக்கு நிறம் இருந்தது, பெண் குழந்தை இருந்தது, மாடி வைத்த வீடு வந்தது. எனக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷமாகியும் வயிறு திறக்கவில்லை. எனக்கென்று இருந்தவை ஆறு தங்கமீன்கள்தான்.

அவை எங்கள் மிஷன் பள்ளிக்கூடத்தை நடத்திய வெள்ளைக்கார மிஸ்ஸம்மா விட்டுப்போனவை. உடம்புக்கு முடியாமல் சீமைக்குக் கப்பலேறும்போது, தகரச் சட்டம் போட்ட கண்ணாடித் தொட்டியையும் எட்டு மீன்களையும் என்னிடம் கொடுத்தார். அவர் பங்களாவிலிருந்து என் வீட்டுக்கு இரண்டே தெருதான். நான் தொட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கழுவி, கிணற்றுத் தண்ணீரை அப்போதுதான் இறைத்துச் சில்லென்று நிரப்பி, மீன்களைத் தூக்கி உள்ளே போட்டேன். விருந்தாளிக்குப் பழைய தண்ணீரையா வைப்பார்கள் என்று எனக்கு நினைப்பு. போதாக்குறைக்கு வழிப் பசி இருக்குமே என்று பால்கோவாவை வேறு கிள்ளிப் போட்டேன். எங்கள் ஊரில் வீடேறி வந்தவருக்கு வேறென்ன கொடுப்பார்கள்? மறுநாள் இரண்டு மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. பால்கோவா தண்ணீரெல்லாம் கரைந்து மோர் மாதிரி நின்றது.

அந்த இரண்டும் செத்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. மீனுக்குப் பழைய தண்ணீர்தான் வீடு. இடம் மாற்றினால் பழைய தண்ணீரில் பாதியையாவது கூடவே கொண்டுபோக வேண்டும். புதுத் தண்ணீர் இரண்டு மூன்று நாள் அகன்ற பாத்திரத்தில் வெயில் பட்டு ஆறியிருக்க வேண்டும். மீன் இருக்கிற பானையைத் தொட்டித் தண்ணீரில் சற்று நேரம் மிதக்கவிட்டு, இரண்டும் ஒரே குளிர்ச்சிக்கு வந்த பிறகு, தம்ளர் தம்ளராகத் தொட்டித் தண்ணீரைப் பானையில் சேர்க்க வேண்டும். அப்புறம் பானையைச் சாய்த்துப் பிடித்தால் மீன் தானாக இறங்கும். நாம் பிடித்துத் தள்ளக் கூடாது. மேலே ஈரச்சாக்கைப் போட்டு இருட்டாக்கி, இரண்டு நாளைக்கு ஒரு பருக்கைகூடப் போடக் கூடாது. பயந்த மீன் தின்னாது. போட்டது அழுகித் தண்ணீர்தான் கெடும்.

மிச்ச ஆறும் என்னிடம் ஏழு வருஷம் இருந்தன. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசை கட்டி வந்து பார்த்தன. கோர்ட்டுக்கு வந்த வக்கீல்கள்கூட எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஊரில் எனக்கு மீன் டீச்சர் என்றே பெயர். குமாஸ்தா வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, மீன் டீச்சர் வீடு எது என்றால் தெருவில் படுத்துக் கிடக்கிற மாடுகூட வழி காட்டும். அந்தப் பெயர் ஒன்றுதான் என் தங்கையிடம் இல்லாதது. இப்போது அதையும் கேட்டு வந்து நிற்கிறாள்.

"நாலுதான?" என்றேன்.

"நாலு போதும்க்கா" என்று கத்தரிக்காயை என் கையிலிருந்து வாங்கி அவளே நறுக்க ஆரம்பித்தாள். எனக்கு உதவியாம்!

புது வீட்டுப் பிரதிஷ்டை ஜெபத்தன்று விடியும்போதே அவள் வில்வண்டி அனுப்பியிருந்தாள். வண்டியில் புளி போட்டு விளக்கிய பித்தளைத் தவலை ஒன்று, கழுத்தில் பூச்சுற்றோடு உட்கார்ந்திருந்தது. சீர் வருகிற பாத்திரம் பார்வையாக இருக்க வேண்டும் என்று அவள் மாமியார் சொன்னாளாம். பித்தளையில் மீனைப் போட்டால் வன்னியம்பட்டி தாண்டுவதற்குள் களிம்பில் செத்துப்போகும் என்று வண்டிக்காரனிடம் எரிந்து விழுந்து, தவலையை வெறுமனே திருப்பிக் கொண்டுபோகச் சொன்னேன். மீன்களை மண்பானையில்தான் ஏற்றினேன். அடியில் வைக்கோல் பரப்பி, பானை வாயில் ஈரத்துணி கட்டி, வழி நெடுக மடியோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு போனேன். பக்கத்தில் இன்னொரு பானையில் பழைய தண்ணீர். சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அவளுக்குக் கொடுக்கத்தான் போகிறேன், ஆனாலும் போகிற வரைக்கும் அவை என்னுடையவை.

புது வீட்டு வாசலில் இறங்கினேன். தேக்குக் கதவு. கண்ணாடி மாதிரி தரை. கூடத்தில் எலெக்ட்ரிக் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. "வாங்க மதினி, வாங்க" என்று தங்கை வீட்டுக்காரர் வாசலிலேயே வந்து பானையை வாங்கப் பார்த்தார். நான் கொடுக்கவில்லை. பானைகளைப் பின்கட்டு நிழலில் வைத்துவிட்டு, ஜெபத்துக்கு நேரம் இருந்ததால் விருந்துக்கு மசாலை அரைக்கிற பெண்களோடு உட்கார்ந்தேன். என் பங்குக்கு மஞ்சள் இடித்தேன். விரலெல்லாம் மஞ்சளாயிற்று.

"அக்கா, தொட்டியப் பாக்க வா" என்று கையைப் பிடித்து இழுத்துப்போனாள் தங்கை.

முற்றத்தின் நடுவில் எட்டுமூலைத் தொட்டி. விளிம்பில் கொடி மாதிரி பூவேலை. கொத்தனார் அதைப் பூசி முடித்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. என்னை விட்டுவிட்டு அவள் யாரையோ வரவேற்கப் போனாள். நான் குனிந்து தண்ணீரில் கையை விட்டேன். தண்ணீர் விரலில் சோப்பு மாதிரி வழுக்கியது. கையை வெளியே எடுத்துப் பார்த்தேன். விரல் நுனியில் இருந்த மஞ்சள் சிவந்துபோயிருந்தது.

மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும் என்று எந்தப் பெண்ணுக்குச் சொல்லித்தர வேண்டும்? தொட்டி இன்னும் சுண்ணாம்பைக் கக்கிக்கொண்டிருந்தது. அது மீனை என்ன செய்யும் என்பதும் எனக்குத் தெரியும். மிஸ்ஸம்மா ஒரு தடவை பங்களாத் தோட்டத்தில் சிமெண்டுத் தொட்டி கட்டி மூன்று மீன்களை விட்டு, மறுநாளே மூன்றையும் ரோஜாச் செடிக்கு உரமாகப் போட்டார். வாழைத்தண்டை நறுக்கிப் போட்டு ஒரு மாதமாவது ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றிக் கொட்டினால்தான் சுண்ணாம்பு போகும் என்று அப்போது கொத்தனார் சொன்னதை, பக்கத்தில் நின்று என் காதால் கேட்டேன்.

ஒரு வாய்ச்சொல் போதும். 'தொட்டி இன்னும் ஆறலட்டி, ஒரு மாசம் போகட்டும், அதுவரைக்கும் பானையிலேயே இருக்கட்டும்' என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அப்போது முன்கட்டிலிருந்து அவள் குரல் கேட்டது.

"எங்க அக்கா குடுத்த மீனு! இனிமே மீனைப் பாக்கணும்னா வில்லிபுத்தூருக்குப் போக வேண்டாம். எல்லாரும் இங்கதான் வரணும்!"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் விரலைச் சேலை முந்தானையில் துடைத்தேன். சிவப்பு போகிற வரைக்கும் அழுத்தித் துடைத்தேன்.

வர மாட்டார்கள், யாரும் வர மாட்டார்கள், இந்தத் தொட்டியில் ஒன்றும் வாழாது என்று நினைத்தேன். மனசுக்குள் குளுகுளுவென்று இருந்தது. அவள் கேட்டு, அவளுக்குக் கொடுத்தும் அவளிடம் நிற்காமல் போகிற ஒரு பொருளை வாழ்நாளில் ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்றிருந்தது. மீன் செத்தாலும் பரவாயில்லை என்றே நினைத்தேன். ஏழு வருஷம் வளர்த்த மீன்! பொறாமை வந்துவிட்டால் புத்தி எங்கே போகுமோ தெரியவில்லை.

போதகர் ஜெபம் செய்து முடித்ததும், சீர் எங்கே சீர் எங்கே என்று கேட்டார்கள். நான் பானையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தேன். அத்தனை பேரும் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். நான் ஒரு குறையும் வைக்கவில்லை. பானையைத் தண்ணீரில் மிதக்கவிட்டேன். கொண்டுவந்த பழைய தண்ணீரையும் தொட்டியில் ஊற்றினேன். அந்தப் பெரிய தொட்டிக்கு அது எந்த மூலைக்குக் காணும்? பிறகு தம்ளர் தம்ளராகத் தொட்டித் தண்ணீரைப் பானைக்குள் விட்டேன். "எம்புட்டு பொறுமை பாருங்க" என்றாள் ஒரு கிழவி. வெயில் உறைத்ததால் எனக்கு யாரோ குடைகூடப் பிடித்தார்கள்.

பானையைச் சாய்த்ததும் நான்கு மீன்களும் ஒன்றன் பின் ஒன்றாக இறங்கின. கூட்டம் "ஆ" என்றது. தங்கையின் மகள், ஏழு வயது, கையைத் தட்டிக் குதித்தாள். அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தங்கை என்னையே பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

"சாக்கு போட்டு மூடி வையி. கிட்ட நின்னு சலம்பக் கூடாது. ரெண்டு நாளைக்கு ஒரு பருக்கை போடப்படாது, கேட்டியா?" என்றேன்.

"நீ சொன்னா சொன்னதுக்கா" என்றாள்.

நான் பிரியாணி சாப்பிட்டேன். நன்றாகவே சாப்பிட்டேன். சாயங்காலம் வீடு திரும்பி, மிச்சம் இருந்த இரண்டு மீன்களையும் பார்த்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். என்ன இப்படி இருக்கிறாய் என்று வீட்டுக்காரர் கேட்டார். வண்டி ஆட்டிய ஆட்டத்தில் இடுப்பு வலிக்கிறது என்றேன்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு நான் வீட்டுக்கு வந்ததும் மில் ஆள் ஒருவன் சைக்கிளில் வந்து சீட்டு கொடுத்தான். தங்கையின் கையெழுத்து. "அக்கா, காலையில ரெண்டு செத்துப்போச்சு. மத்த ரெண்டும் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. நான் என்னமோ தப்புப் பண்ணிட்டேன். உடனே வா."

முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. அப்படி ஒன்றும் நீளமான சந்தோஷம் இல்லை, சீட்டை மடிக்கிற நேரம் இருந்திருக்கும். மடித்து முடிக்கும்போது, வாயைத் திறந்து திறந்து மூடுகிற மீன் கண் முன்னால் வந்து நின்றது. அதில் ஒன்றுக்கு வால் ஓரத்தில் வெள்ளைப் பொட்டு உண்டு. நான் தொட்டிப் பக்கம் போனாலே கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு நிற்கும். 'சண்டாளி, நானே கொண்டுபோய் சுண்ணாம்புக் காளவாயில் போட்டுவிட்டு வந்திருக்கிறேனே' என்று அப்போதுதான் உறைத்தது. தொட்டியிலிருந்து பழைய தண்ணீரை ஒரு பானை மொண்டுகொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன். மீனுக்காகத்தான் ஓடினேன், தங்கைக்காக இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

பெட்ரோல் தட்டுப்பாட்டில் பின்னால் கரி அடுப்பு கட்டி ஓடுகிற பஸ் அது. மேட்டில் ஏறாமல் மூச்சு வாங்கியது. கண்டக்டர் பானையை எட்டிப் பார்த்தான்.

"என்ன டீச்சர், பதநியா?"

"பழைய தண்ணி."

"ராசபாளையத்துல தண்ணி இல்லன்னா அழுக்குத் தண்ணியச் சுமந்துட்டுப் போறீய?"

"வாயை மூடிட்டு வண்டிய விடச் சொல்லுவே!" என்று கத்தினேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது முற்றத்தில் இன்னும் வெயில் இருந்தது. தொட்டியின் மேல் ஏடு மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது. செத்த இரண்டையும் வாழை இலையில் வைத்து மூடியிருந்தாள். எனக்குக் காட்டத்தானாம். மிச்ச இரண்டும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, துடுப்பை உடம்போடு ஒடுக்கிக்கொண்டு, படபடவென்று செவுள் அடிக்க நின்றன. நிறம் வெளுத்திருந்தது. வெள்ளைப் பொட்டு மீன் சுவரில் உடம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

பெரிய மண்பானை ஒன்று கேட்டு வாங்கி, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் அதில் எடுத்து, கொட்டாங்கச்சியால் இரண்டு மீன்களையும் மொண்டு விட்டேன். பிறகு என் பழைய தண்ணீரை இரண்டிரண்டு தம்ளராக, இடைவெளி விட்டு இடைவெளி விட்டுச் சேர்த்தேன். சட்டென்று மாற்றினால் அதுவே கொன்றுவிடும். நிறைய நிறைய, பானையில் இருக்கிற தண்ணீரில் பாதியை எடுத்துக் கொட்டிவிட்டு மறுபடியும் பழைய தண்ணீர் சேர்த்தேன். இரண்டு கல் உப்பு போட்டேன். ஈரச்சாக்கால் மூடி, வாய் ஓரத்தில் மட்டும் விரற்கடை திறந்து வைத்தேன். தங்கை பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நான் கையை நீட்டும்போதெல்லாம் தம்ளரை எடுத்துக் கொடுத்தாள்.

விளக்கேற்றுகிற நேரத்தில் சாக்கை லேசாகத் தூக்கிப் பார்த்தேன். இரண்டும் மேலிருந்து இறங்கி நடுத் தண்ணீரில் நின்றன. செவுள் நிதானமாக அடித்தது. வெள்ளைப் பொட்டு மீன் ஒடுக்கிய துடுப்பை விரித்திருந்தது.

"பொழைச்சுக்கும்" என்றேன்.

தங்கை முகத்தைச் சேலையில் புதைத்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்து, "எல்லாம் அந்தக் கழுதையாலக்கா" என்றாள். "நீ அம்புட்டுச் சொல்லிட்டுப் போயும், யாருக்கும் தெரியாம ஒரு கை சோத்தை அள்ளிப் போட்டிருக்கா. காலையில பாத்தா ரெண்டு மெதக்குது. ஈர்க்குச்சி ஒடியுற வரைக்கும் அடிச்சேன்."

புழக்கடை வாசலில் தங்கை மகள் உட்கார்ந்திருந்தாள். நான் வந்தபோதே அங்கேதான் இருந்திருக்கிறாள், நான் பார்க்கவில்லை. இரண்டு கெண்டைக்காலிலும் கோடு கோடாகத் தடித்திருந்தது. கையிலும் இரண்டு கோடு. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"பெரியம்மா, பசிக்குமேன்னுதான் போட்டேன். ஒரு கைதான். இனிமே போட மாட்டேன்" என்றாள்.

நான் மீனுக்கு என்ன ஆகும் என்று நினைத்தேன், தங்கைக்கு என்ன ஆகும் என்றும் நினைத்தேன். இந்தப் பிள்ளையை நான் நினைக்கவே இல்லை. கூட்டத்தில் கை தட்டிக் குதித்தவள் அவள் ஒருத்திதான்.

தங்கையின் கையைப் பிடித்து மறுபடியும் முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"சோத்தால சாகலட்டி. சுண்ணாம்பு. தொட்டி ஆறல. எனக்குத் தெரியும். விடும்போதே எனக்குத் தெரியும்."

அவள் புரியாமல் என்னைப் பார்த்தாள். மறுபடியும் சொன்னேன். பிறகு ஒன்றும் மிச்சம் வைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன், மஞ்சள் சிவந்ததிலிருந்து முந்தானையில் துடைத்தது வரைக்கும்.

அவள் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"நேத்து ஜெபத்துக்கு வந்த கொத்தனாரு சொன்னாருக்கா. வாழைத்தண்டு போட்டு ஒரு மாசம் ஊறட்டும், அதுக்குள்ள மீனு விட்டா செத்துரும்னு. நீ வந்து கையை விட்டுப் பாத்துட்டு ஒண்ணுஞ்சொல்லாம நின்னதைத் தூரத்துல இருந்து பாத்தேன். எங்க அக்காவுக்குத் தெரியாததா உமக்குத் தெரிஞ்சிருச்சுன்னு அந்த மனுசனை ஏசி அனுப்பிச்சிட்டேன்."

திட்டேன், ஏதாவது சொல்லேன் என்று அவள் தோளைத் தொட்டேன். அவள் தட்டிவிடவில்லை. எழுந்து புழக்கடைப் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"என்கிட்ட என்னத்துக்குச் சொல்லுத? அவகிட்ட சொல்லு. நீயே சொல்லு."

சொன்னேன். அந்தப் பிள்ளையின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, "மீனு செத்தது உன்னால இல்லம்மா. பெரியம்மாவாலதான். தண்ணி சரியில்லன்னு தெரிஞ்சே விட்டேன்" என்றேன்.

"எதுக்குப் பெரியம்மா?"

"உங்கம்மா மேல பொறாமை எனக்கு."

அவள் என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் வந்து நின்ற அம்மாவைப் பார்த்தாள். குனிந்து கெண்டைக்காலில் தடித்த இடத்தை ஒரு விரலால் தடவிக்கொண்டாள்.

"அப்ப எனக்கு எதுக்கு அடி விழுந்துச்சு?" என்று கேட்டாள்.

நாங்கள் இருவரும் அவள் முன்னால் நின்றோம்.